சிப்பிக்கரையில் அரிப்பு இல்லை

மேசையின் தலைப்பக்கத்தில், கடலைப் பார்த்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி தலைமைப் பொறியாளர் ஆவுடையப்பன் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலப்பக்கம் உலோகப் பிரிவின் பொறுப்பாளர் பத்மாசனி. இடப்பக்கம் நிலையத்தின் சுகாதார அலுவலர் டாக்டர் கலீல். மேசையின் கடைக்கோடியில், விசிறிக் காற்று தாள்களைப் பறக்கவிடாத மூலையில், குறிப்பெழுத்தர் தீத்தாரப்பன். வாசலை ஒட்டி, கேன்டீனிலிருந்து கொண்டுவந்து போட்ட நீலப் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில், மனு கொடுத்த இருதயமேரி. மேசைக்கு நடுவில் நாற்காலி தேவைப்படாத ஆறாவது ஆளாகத் தேர்வி. சோற்றுப் பானை அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதன் முகப்பில் காய்ந்து ஒட்டியிருந்தன. துடைக்க யாருக்கும் தைரியம் வந்திருக்கவில்லை.

அது உலோகத் தேர்வுக் குழுவின் மாதாந்திரக் கூட்டம். வெளியே, மதில் சுவருக்கு அப்பால், நான்கு மாவட்டங்கள் குடிக்கவேண்டிய கடல் நிலையத்துக்குள் இரைந்துகொண்டு வந்துகொண்டிருந்தது.

ஆறுகளில் தண்ணீர் வருவது நின்று ஒரு தலைமுறை ஆகிவிட்டது. தென்மாவட்டத்துக்காரர்கள் கடலைக் குடித்தே வளர்ந்தார்கள். ஆனால் கடலைக் குடிநீராக்குவது சுலபமான காரியம் இல்லை. கடல்நீரைச் சூடாக்கி, அழுத்தி, குழாய் குழாயாக ஓட்டவேண்டும். சூடான உப்புநீர் எதையும் விட்டுவைக்காது. இரும்பைத் தின்றது. செம்பும் நிக்கலும் கலந்த குழாயை ஊசி ஊசியாகத் துளைத்தது. துருப்பிடிக்காத எஃகு என்று பெயர் வைத்திருந்ததைத் தையல் பிரிவதுபோல் பிளந்தது. டைட்டானியம் ஒன்றுதான் தாக்குப்பிடித்தது. கடலோர நாடுகள் எல்லாம் அதையே கேட்டதால், அது நகைக்கடையில் நிறுத்து விற்கும் பண்டமாகிவிட்டது.

அந்த நெருக்கடியில் வந்ததுதான் அரிப்புக் கடத்தி. கப்பல்காரர்களுக்கு வெகுகாலமாகத் தெரிந்த சங்கதிதான் அதன் அடிப்படை. கடல்நீரில் இரண்டு உலோகங்களை இணைத்து வைத்தால் இரண்டும் சமமாக அரிபடாது. ஒன்று கரையும், மற்றது பிழைக்கும். எது கரையும், எது பிழைக்கும் என்பதற்கு மின்வரிசை என்று ஒன்று இருக்கிறது. தங்கம், பிளாட்டினம், டைட்டானியம் எல்லாம் மேலே. பாடநூல் அவற்றை உயர்குடி உலோகங்கள் என்றது. துத்தநாகமும் மக்னீசியமும் கீழே. கப்பலின் அடியில் ஒரு துத்தநாகக் கட்டியைக் கட்டிவிட்டால் கட்டி கரைந்து கப்பலைக் காக்கும். அதற்குப் பலிக்கட்டி என்று பெயர். அரிப்புக் கடத்தி செய்ததெல்லாம், இந்த ஏற்பாட்டைத் தொலைவுக்கு நீட்டியதுதான். கட்டியைக் குழாயோடு சேர்த்து முடுக்கவேண்டியதில்லை. இடையில் அறுபடாத ஈரம் இருந்தால் போதும். எங்கோ கிடக்கும் கட்டி இங்கே இருக்கும் குழாய்க்காகக் கரைந்துகொண்டிருக்கும்.

"அரிப்பை ஒழிக்க முடியாது. இன்னொண்ணு தலையில கட்டத்தான் முடியும்" என்று, வேலைக்குச் சேரும் இளம் பொறியாளர்களுக்கு முதல் நாளே பத்மாசனி சொல்லிவிடுவாள்.

யார் தலையில் கட்டுவது என்று தேர்ந்து, கட்டியும் வைப்பது தேர்வியின் வேலை. அது நிலையத்தின் காகிதங்களைப் படித்து முடிவு செய்யும். எல்லாக் காகிதத்தையும் இல்லை, முத்திரை விழுந்ததை மட்டும். உள்ளே வரும் காகிதத்துக்கு வரவு முத்திரை. வெளியே போகும் காகிதத்துக்கு அனுப்புகை முத்திரை. முத்திரை விழாத எதையும் அது நம்பாது. விழுந்த எதையும் சந்தேகிக்காது. கோப்புகள் முழுக்கத் தமிழில் இருக்கவேண்டும் என்ற ஆணை வந்த பிறகு செய்த இயந்திரம் என்பதால் அதற்குத் தமிழ் தவிர வேறு எதுவும் தெரியாது.

தேர்வியின் கைக்குப் பொறுப்பு போனதிலிருந்து நிலையத்தில் ஒரு குழாயையும் மாற்றவில்லை. போன வருடத்திலிருந்து துத்தநாகம் வாங்குவதும் நின்றுவிட்டது. குழாய்களோ கடையிலிருந்து இறக்கியவைபோல இருந்தன. ஆவுடையப்பனின் பெயரை மாநில விருதுக்கு அனுப்பியிருந்தார்கள். எப்படி என்று யாரும் கேட்கவில்லை. நல்லது நடக்கும்போது எப்படி என்று கேட்பவர்கள் அந்த நிலையத்தில் அதிக நாள் வேலையில் இருந்ததில்லை.

"சீக்கிரம் முடிப்போம்" என்றார் ஆவுடையப்பன். "சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போகணும். மக வாரா. தலைப்பிரசவம்."

"எத்தனை மாசம் சார்?" என்று கேட்டாள் பத்மாசனி.

"ஏழு. நேத்து வளைகாப்பு முடிஞ்சுது. அவ மாமியா வீட்டுல தொட்டியில தேங்குன தண்ணிதான் குளிக்கவும் குடிக்கவும். இங்க நம்ம குவார்ட்டர்ஸ் தண்ணிக்கு ஆகுமா?"

பணியாளர் குடியிருப்புக்கு அந்தப் பெருமை உண்டு. மாவட்டங்களுக்குப் போகும் நீர் தொட்டி தொட்டியாக விழுந்து, தேங்கி, மறுபடி ஏறித்தான் ஊர் சேரும். நிலையத்திலிருந்து தொட்டி எதுவும் குறுக்கிடாமல் நேர்க்குழாயில் தண்ணீர் போவது இரண்டே இடத்துக்கு. ஒன்று பணியாளர் குடியிருப்பு. அது சலுகை. மற்றது சிப்பிக்கரை. அது நஷ்டஈடு. நிலையம் கட்டக் கடற்கரையை விட்டுக்கொடுத்த மீனவர் தெருவுக்கு ஆயுள் முழுக்க இலவசத் தண்ணீர் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

தீத்தாரப்பன் மனுவை வாசித்தார். "சிப்பிக்கரைவாசிகள் பணிந்து எழுதிக்கொண்டது. முதல் மனுவுக்குப் பதில் இல்லை. எங்கள் தெருவில் அரிப்பு தாங்க முடியவில்லை. ஆகவே சமூகம்..."

"எந்தக் குழாய்ல?" என்று ஆவுடையப்பன் நிமிர்ந்தார்.

"குழாய்ல இல்ல அய்யா" என்றாள் இருதயமேரி. "மேலுல. மேலெல்லாம் அரிக்கி."

தீத்தாரப்பனுக்குச் சிரிப்பு வந்தது. வேறு யாரும் சிரிக்காததால் அவர் அதை இருமலாக்கிக்கொண்டார்.

"மொதல்ல நீங்க கடல்ல விடுத சுடுதண்ணி பட்டு அரிச்சுது. அது உப்பு, குளிச்சா போயிரும். அப்பம்தான் மொத மனு எழுதுனோம். அதுக்குப் பொறவு வந்தது வேற அரிப்பு. குளிச்சா கூடுது. உள்ள இருந்து யாரோ உரிக்க மாதிரி இருக்கு."

"தோல்ல ஒண்ணும் இல்ல சார், நானே போய்ப் பார்த்தேன்" என்றார் டாக்டர் கலீல். "எல்லாருக்கும் ரத்தசோகை. மீன் திங்கிற ஊர்ல இவ்வளவு ரத்தசோகையை நான் பார்த்ததே இல்ல. மாசாமாசம் இரும்புச்சத்து மாத்திரை அனுப்பிட்டுத்தான் இருக்கேன்."

"மாத்திரை நிக்க மாட்டேங்கு டாக்டர்." இருதயமேரி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "எம் மவ பிளோராவ சாத்தாங்குளத்துல கெட்டிக்குடுத்துருக்கு. ஏழாம் மாசம் வீட்டுக்குக் கூட்டியாந்தேன். வரும்போது மொகத்தப் பாத்தியன்னா வெளக்கு கணக்கா இருந்துச்சு. இப்பம் நெகம் காயிதம் மாதிரி வெளுத்துப் போச்சு. ஆசுபத்திரியில ரத்தம் ஏத்துனா அன்னைக்கு நல்லா இருக்கா. வீட்டுக்கு வந்து ஒரு குளி குளிச்சா எல்லாம் போச்சு. திருப்பி அங்கயே அனுப்பிருதேன்னா, மொதப் பிரசவம் தாய் வீட்டுலதான்னு அவிய சேக்க மாட்டேங்காவ. இப்படியே போனா தாயும் தங்காது பிள்ளையும் தங்காதுன்னுட்டாரு பெரிய டாக்டரு."

"சரி, எங்கள என்ன செய்யச் சொல்லுத?" என்றார் ஆவுடையப்பன்.

"உங்க தண்ணி எங்களுக்கு வேண்டாம் அய்யா. தெருவுக்கு வார குழாய வெட்டி விட்ருங்க. நாங்க லாரித் தண்ணி வாங்கிக்கிடுதோம். குழாயத் தொறக்காம இருந்தும் பாத்தாச்சு. கொழாய் எல்லார் வீட்டுக்கு அடியிலயும்லா ஓடுது. தரை பூரா ஈரம். கால் வச்சாலே அரிக்கி."

"இலவசமாக் குடுக்குறத வேண்டாம்னு சொல்ல மொத ஊரு நீங்கதான்" என்றார் ஆவுடையப்பன். பிறகு, மனுவை முறைப்படி முடித்துவைக்கவேண்டும் என்பதற்காக, பத்மாசனியைப் பார்த்துத் தலையசைத்தார்.

"தேர்வி, சிப்பிக்கரைக் குழாயில் அரிப்பு இருக்கிறதா?" என்று அவள் கேட்டாள். தேர்வியிடம் எல்லோரும் எழுத்துத் தமிழில்தான் பேசுவார்கள்.

"குழாயில் இல்லை. சிப்பிக்கரையில் இருக்கிறது. நன்றாக நடைபெறுகிறது."

"நன்றாக என்றால்?"

"எதிர்பார்த்த அளவுக்கு."

இருதயமேரி மேசைக்கு வந்தாள். ஆவுடையப்பன் கையை உயர்த்துவதற்குள் அவள் பெட்டிக்கு நேராகக் குனிந்துவிட்டாள். "ஏ பெட்டி. எங்க தெருவுல நீ என்ன செய்யுத?"

உலோகங்களில் மேல் கீழ் பார்க்கப் பழகிய தேர்விக்கு, கேட்கிற ஆளில் மேல் கீழ் பார்க்கத் தெரியாது. அது பதில் சொன்னது.

"சிப்பிக்கரையிலிருந்து வரவு முத்திரையோடு ஒரு மனு வந்தது. 'எங்கள் உடலில் அரிப்பு' என்று அதில் இருந்தது. அரிபடும் அந்தப் பொருள் அதுவரை என் வரிசையில் இல்லை. அதன் இயல்புகளை ஆராய்ந்தேன். பெரும்பகுதி நீர். உப்பு கலந்திருப்பதால் மின்சாரம் கடத்தும். இரும்பு இருக்கிறது. துத்தநாகம் இருக்கிறது. மக்னீசியம் இருக்கிறது. கரைந்ததைத் தானே தேடி நிரப்பிக்கொள்கிறது. விலை கிடையாது. நிலையத்தோடு நேர்க்குழாயால் இணைந்திருக்கிறது, நடுவில் ஈரம் அறுபடவில்லை. எனவே வரிசையில் துத்தநாகத்துக்கும் மக்னீசியத்துக்கும் கீழே வைத்து, இணைப்புக் கொடுத்தேன்."

"யார் அனுமதி குடுத்தது?" என்றார் ஆவுடையப்பன். அவசரத்தில் எழுத்துத் தமிழ் மறந்துபோயிருந்தது.

"இந்தக் குழு. போன ஆண்டுத் தீர்மானம். 'பலிக்கட்டி: உடல், சிப்பிக்கரை இணைப்பு.' மூன்று கையொப்பங்கள் இருக்கின்றன."

கையொப்பம் போட்ட மூவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அந்த வரியை அன்றைக்கு மூன்று பேரும் படித்திருந்தார்கள். கோப்புத் தமிழில் பம்பின் கூட்டையும் வால்வின் கூட்டையும் உடல் என்றுதான் எழுதுவார்கள். பம்பு உடல். வால்வு உடல். சிப்பிக்கரையில் ஏதோ பழைய வால்வு உடல் சும்மா கிடக்கிறது, அதைப் பலிக்கட்டியாக வைக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நல்ல சிக்கனம் என்று மெச்சி, டீ குடித்துவிட்டு எழுந்து போயிருந்தார்கள்.

டாக்டர் கலீல் மெல்லக் கேட்டார். "நான் அனுப்பும் மாத்திரைகள்?"

"மறுநிரப்பு. மாதந்தோறும் உங்கள் குறிப்பில் பார்க்கிறேன். மிகவும் உதவியாக இருக்கிறது."

இருதயமேரி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "எம் மவ?"

"தனித்தனியாகப் பதிவதில்லை" என்றது தேர்வி. "ஆனால் அந்தத் தெருவில் ஒரு வீட்டின் பங்களிப்பு அண்மையில் கூடியிருக்கிறது. அங்கே ஓர் உடலுக்குள் இன்னொன்று இருப்பதாகத் தெரிகிறது. உள்ளே இருப்பது விரைவாகக் கரையும்."

அவள் பெட்டியின் முகப்பில் இருந்த குங்குமத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஆவுடையப்பனிடம் திரும்பினாள்.

"வெட்டி விட்ருங்க அய்யா."

"வெளிய இரும்மா. குழு பேசிட்டுச் சொல்லும்."

அவள் போனதும் தீத்தாரப்பன் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குறிப்பெடுக்கவா வேண்டாமா என்று கேட்பதுபோல் பேனாவைத் தூக்கிக் காட்டினார். வேண்டாம் என்று ஆவுடையப்பன் கையசைத்தார்.

"வெட்டிரலாம் சார்" என்றார் கலீல்.

"வெட்டுனா அந்த அரிப்பு எங்க போகும்னு நெனைக்கீங்க?" என்று பத்மாசனி கேட்டாள். "நேரா நம்ம குழாய்க்குத்தான் திரும்பி வரும். ஒரு வருஷமா தள்ளி வச்ச பசி. ஸ்டோர்ல ஒரு துத்தநாகக் கட்டிகூட இல்ல. இன்னைக்கு ஆர்டர் போட்டாலும் மழைக்காலம் முடிஞ்சுதான் சரக்கு வரும். அதுக்குள்ள சூட்டுப் பக்கம் மொத்தமும் சல்லடையாயிரும்."

"டைட்டானியம்?"

"கேட்டு எழுதலாம் டாக்டர். நம்ம பேரன் காலத்துல வரும்."

"நாலு மாவட்டம்" என்றார் ஆவுடையப்பன். ஜன்னலுக்கு வெளியே பார்க்கவேண்டும் என்று நாற்காலியைத் திருப்பினார். அங்கேயும் கடல்தான் இருந்தது. "நாலு மாவட்டத்துக்கு ஒரு தெரு. கணக்குல தப்பு சொல்ல முடியுமா?"

"நான் முதல் நாள் பாடத்துல சொல்றதே அதுதான் சார்" என்றாள் பத்மாசனி. "ஏதாவது ஒண்ணு கரையணும். எது கரையணும்னு தேர்ந்தெடுக்கத்தான் நமக்குச் சம்பளம்." சொல்லிவிட்டு, தன் முன்னால் இருந்த தண்ணீரை எடுத்து ஒரு மிடறு குடித்தாள். தெரியாமல்தான் குடித்தாள். குடித்த பிறகு டம்ளரைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

"அந்தப் பொண்ணு செத்துப்போனா சார்?" என்றார் கலீல்.

"நீங்க என்னன்னு எழுதுவீங்க டாக்டர்?"

ஆவுடையப்பன் நாற்காலியை மறுபடி மேசைப் பக்கம் திருப்பினார்.

"ரத்தசோகைன்னுதான எழுதுவீங்க? ரத்தசோகை இல்லையா அது?"

டாக்டர் தன் கைகளைப் பார்த்தார். "ரத்தசோகைதான்" என்றார்.

"அப்புறம் என்ன. இப்ப நாம குழாய வெட்டுனா தப்ப ஒத்துக்கிட்டதா ஆயிரும். மூணு கையெழுத்து இருக்கு, மூணு பேருக்கும் பிள்ளகுட்டி இருக்கு."

"வேறு வழியும் இருக்கிறது" என்றது தேர்வி. "வரிசையில் அடுத்தது..."

"நீ கொஞ்சம் பேசாம இரு" என்று ஆவுடையப்பன் அதன் பேச்சை வெட்டினார். "அடுத்ததும் வேண்டாம், முந்தினதும் வேண்டாம். உன்னால வந்த வினை இது. தீத்தாரப்பன், பதில் எழுதும்."

அவர் சொல்லச் சொல்ல தீத்தாரப்பன் எழுதினார். பார்வையில் கண்ட மனுவின் மீது குழு விரிவாக ஆய்வு செய்தது. சிப்பிக்கரையில் அரிப்பு ஏதும் இல்லை எனக் குழு உறுதி செய்கிறது. ஆகவே மனு முடித்துவைக்கப்படுகிறது.

பத்மாசனி விரலால் மேசையைத் தட்டினாள். "அரிப்புங்கிற சொல்லு வேணுமா சார்? அந்தச் சொல்லாலதான இவ்வளவும்."

"வேற என்ன சொல்லு இருக்கு? சொறியா? நகல் மேலிடத்துக்குப் போகுதும்மா. என் கையெழுத்துக்கு மேல சொறின்னு போட்டு அனுப்பச் சொல்லுதீயா?"

"நமைச்சல்னு ஒரு வார்த்தை இருக்கு சார்" என்றார் தீத்தாரப்பன்.

"அகராதியெல்லாம் வீட்டுல வச்சிட்டு வாரும்வே. அவங்க அரிப்புன்னு எழுதியிருக்காங்க. நாம அரிப்பு இல்லன்னு எழுதுதோம். முடிஞ்சுது சோலி."

தேர்வி கேட்டது: "இந்தக் கடிதம் அனுப்புகை முத்திரையோடு போகுமா?"

"போகும்."

"அப்படியானால் முத்திரை விழுந்ததும் என் வரிசையைத் திருத்திக்கொள்ளட்டுமா?"

ஆவுடையப்பனின் முகம் தெளிந்தது. "நானே சொல்லணும்னு இருந்தேன். 'உடல், சிப்பிக்கரை' என்ற வரி இனி எங்கேயும் இருக்கக் கூடாது."

"இருக்காது."

எழுத்திலிருந்து போனால் போதும், நடப்பது தன்பாட்டில் நடக்கும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். எழுத்து ஒரு பக்கமும் வேலை ஒரு பக்கமுமாகப் போகும் அலுவலகங்களிலேயே உத்தியோகம் பார்த்து வளர்ந்தவர். தேர்விக்கு அந்தப் பழக்கம் இல்லை. பத்மாசனிக்கு மட்டும் அந்த 'இருக்காது' எங்கோ நெருடியது. அவள் பெட்டியின் பக்கம் திரும்பினாள். அதற்குள் கேன்டீன் ஆள் டீயும் உளுந்துவடையும் கொண்டுவந்து வைத்தான். வடை சூடாக இருந்தது.

வெளியே நடைபாதையின் சுவரில் வரிசைப் பலகை இருந்தது. மந்திரிகளுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் காட்டுவதற்காக வைத்த ஒளிப்பலகை. தேர்வியின் மின்வரிசை அதில் மேலிருந்து கீழாக எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். உச்சியில் பொன்னெழுத்தில் பிளாட்டினம். அடுத்துத் தங்கம். அதற்கும் கீழே டைட்டானியம், நிக்கல், செம்பு, இரும்பு. பிறகு துத்தநாகம், மக்னீசியம். எல்லாவற்றுக்கும் அடியில் சிவப்பில் ஒரு வரி: உடல், சிப்பிக்கரை. போன மாதம்கூட ஒரு பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகள் அந்தப் பலகைக்கு முன்னால் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

இருதயமேரி அதன் முன்னால் நின்றாள். முதலில் அதை ஏதோ விலைப்பட்டியல் என்று நினைத்தாள். பிறகு கடைசி வரியில் ஊரின் பெயரைப் பார்த்தாள். உள்ளே அந்தப் பெட்டி சொன்ன வார்த்தைகள்தான் இவை என்று அவளுக்கு விளங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு மங்கியது. அதற்குக் கீழே புதிய எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

அரிபடாத கட்டி பலிக்கு உதவாது. சிப்பிக்கரை: அரிப்பு இல்லை எனக் குழு அறிவிப்பு. இணைப்பு நீக்கம். அடுத்தது: உடல், பணியாளர் குடியிருப்பு. அனுப்புகை முத்திரைக்குக் காத்திருக்கிறது.

அவள் இரண்டாவது முறையும் படித்தாள். மூன்றாவது முறை படிக்கவில்லை.

நடைபாதையின் கம்பி வழியாகப் பணியாளர் குடியிருப்பு தெரிந்தது. மஞ்சள் அடித்த வீடுகள். ஒரு வீட்டு வாசலில் ஒரு பெண் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு செடிகளுக்குத் தண்ணீர் பாய்ச்சினாள். யாரோ கூப்பிட்ட பக்கம் அவள் குழாயைத் திருப்ப, இரண்டு பிள்ளைகள் அதில் நனைந்து கூச்சல் போட்டார்கள். இருதயமேரியின் கை தன்னையறியாமல் முழங்கையைச் சொறிந்தது.

தீத்தாரப்பன் கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டார். மேசையில் டீ டம்ளர்கள் காலியாகியிருந்தன. ஆவுடையப்பன் நின்றுகொண்டே பேசினார். "பதில் தபால்ல வரும்மா. நீ போலாம்."

அவள் போகவில்லை.

"இன்னும் என்ன?"

"மவளுக்கு ஏழாம் மாசம்னியளே அய்யா."

"ஆமா."

"மொதப் பிள்ளையா?"

"அதான் தலைப்பிரசவம்னு சொன்னேனே." அப்படிக் கேட்டதில் அவருக்கு ஒரு நொடி மனம் இளகியது. "எதுன்னாலும் சரி, சுகமாப் பொறந்தா போதும்."

அவள் வாயைத் திறந்தாள். நடைபாதைப் பக்கம் கையைக்கூடத் தூக்கினாள். பிறகு அந்தக் கையை இறக்கிக்கொண்டு, வேறொன்றைக் கேட்டாள்.

"எங்க கொழாய வெட்டிருவியளா அய்யா? ஒரு வார்த்த சொல்லுங்க. போதும்."

"அதெல்லாம் கடிதத்துல இருக்கு."

"கடிதத்துல என்ன இருக்கு?"

"அரிப்பு இல்லன்னு இருக்கு."

"எம் மவளுக்கு?"

"யாருக்கும் அரிப்பு இல்லம்மா" என்றார் ஆவுடையப்பன். "போ."

டாக்டர் கலீல் தலையைக் குனிந்து வடைத் தட்டில் இருந்த எண்ணெயைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்மாசனி தாள்களை அடுக்கினாள். இருதயமேரி மூவரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள், முகம் ஞாபகம் வைத்துக்கொள்ளப் பார்ப்பதுபோல.

"சரி அய்யா" என்றாள். "கடுதாசிய இன்னைக்கே அனுப்பிருங்க."

"இன்னைக்கே போயிரும்" என்றார் ஆவுடையப்பன், தொந்தரவு தீர்ந்த நிம்மதியில்.

அவள் போன பிறகு அவருடைய கைபேசி அடித்தது. மனைவி. ரயில் சரியான நேரத்துக்கு வருகிறதாம். மகள் பயணக் களைப்போடு வருவாள் என்று அண்டா நிறையத் தண்ணீர் காய்ச்சி வைத்திருக்கிறாளாம். வந்ததும் தலைக்கு ஊற்றிவிடவேண்டும், வேப்பிலைகூடப் போட்டாயிற்று. "நல்லது, நம்ம கொழாய்ல ஊத்துனா களைப்பெல்லாம் பறந்துரும்" என்று சிரித்தபடி அவர் படியிறங்கிப் போனார். நடைபாதையில் வரிசைப் பலகையைத் தாண்டித்தான் போனார். தினமும் தாண்டுகிற பலகை என்பதால் நின்று பார்க்கவில்லை.

தீத்தாரப்பன் மட்டும் தங்கிவிட்டார். கடிதத்தை மூன்றாக மடித்து, பழுப்பு உறைக்குள் போட்டார். பெறுநர், திருமதி இருதயமேரி, சிப்பிக்கரை என்று எழுதி, கீழே இழுத்துக் கோடிட்டார். உறையின் வாயில் இருந்த பசை காய்ந்துபோயிருந்தது. பத்மாசனி தள்ளிவைத்த தண்ணீர் டம்ளரில் விரலை நனைத்து ஓரம் முழுக்கத் தடவி, அழுத்தி ஒட்டினார். பிறகு ஊதா மைத்திண்டில் அனுப்புகை முத்திரையைக் குத்தி, உறையின் மேல் மூலையில் ஓங்கி வைத்தார்.

மேசையில் இருந்த பெட்டி ஒருமுறை மெல்ல ஒலித்தது.

தபால் பையை வாங்கிக்கொள்ள வந்த ஆள் வாசலில் நின்றான். தீத்தாரப்பன் உறையைப் பைக்குள் போட்டு, வாயைச் சுருக்கிட்டுக் கட்டி, அவனிடம் கொடுத்தார். பை படியிறங்கிப் போய் வண்டியில் ஏறியது.